மருந்தும் மழலையும்

(கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி உழவர்களுக்கும் பண்ணை மகளிருக்கும் நடந்த பயிற்சியில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



மக்காச்சோளத்தில் படைப்புழுவைப் பற்றியும் மரவள்ளியில் மாவுப்பூச்சியைப் பற்றியும் காலையில் விரிவாகப் பேசினோம். எந்தப் பருவத்தில் எந்த மருந்தை எத்தனை மில்லி கலப்பது என்று எல்லாரும் குறித்துக்கொண்டீர்கள். தெளித்து முடித்த பிறகு மீதி மருந்து எங்கே போகிறது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. நானே அதைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணுகிறேன். பயிர் வளர்க்கச் சொல்லிக்கொடுக்கிறவருக்குப் பிள்ளை வளர்ப்பில் என்ன வேலை என்று பின்வரிசையில் இருக்கும் பாட்டிமார் நினைக்கலாம். வேலை இருக்கிறது. நாங்கள் சிபாரிசு செய்யும் மருந்து உங்கள் வீட்டு வழியாகத்தான் வயலுக்குப் போகிறது. அந்த வீட்டில் குழந்தை தவழ்கிறது.

நம் மொழியில் மருந்து என்ற ஒரே சொல் பல வேலை செய்கிறது. காய்ச்சலுக்குக் கொடுப்பது மருந்து. கன்றுக்குக் குடற்புழு நீக்க ஊற்றுவதும் மருந்து. ஆட்டின் மேல் உண்ணிக்குத் தடவுவதும், சோளக் குருத்தில் தெளிப்பதும் மருந்து. எலிக்கு வைப்பது எலி மருந்து. பெரியவர்களுக்கு இடத்தைப் பார்த்தால் எது என்று விளங்கிவிடும். மூன்று வயதுக் குழந்தைக்கு எப்படி விளங்கும்? நேற்று இருமலுக்கு ஒரு சீசாவிலிருந்து அம்மா இனிப்பாக ஏதோ ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பெயர் மருந்து. இன்று அப்பா கடையிலிருந்து ஒரு சீசாவைக் கொண்டுவந்து திண்ணையில் வைக்கிறார். அதற்கும் பெயர் மருந்துதான்.

சொல் ஒன்றாக இருப்பதால் வைக்கும் இடமும் ஒன்றாகி விடுகிறது. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் மாடக்குழியையும் பரணையும் ஒருமுறை பாருங்கள். பிள்ளையின் டானிக், அதன் பக்கத்தில் ஆட்டு மருந்து, அதற்கும் பக்கத்தில் மடித்து வைத்த புழு மருந்துப் பொட்டலம், கற்பூர டப்பா, தைலம் என்று ஒரே வரிசையில் நிற்கும். மலையில் சேராப்பட்டுப் பக்கமானாலும் கீழே சின்னசேலம், தியாகதுருகம் பக்கமானாலும் இந்த வரிசையில் பெரிய வித்தியாசம் இல்லை. மின்சாரம் நின்றுபோன இரவில், அழுகிற குழந்தைக்காகக் கையை நீட்டி எடுக்கும் தாய்க்கு எந்தச் சீசா கையில் அகப்படும்?

ஆகையால் முதல் வேலையாகப் பெயரைப் பிரியுங்கள். வயலுக்கு அடிப்பதை வீட்டில் பேசும்போது விஷம் என்றே சொல்லுங்கள். "விஷத்தை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறேன்" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை. குழந்தை அந்தச் சொல்லைக் கேட்டு வளரட்டும். அதேபோல், கசப்பு மருந்தைக் குடிக்க வைப்பதற்காக அதை மிட்டாய் என்றும் ஜூஸ் என்றும் சொல்லி ஏமாற்றாதீர்கள். ஏமாற்றினால் அந்தப் பிள்ளை மிட்டாயைத் தேடி மருந்துப் பெட்டிக்குத்தான் வரும்.

சிறு உடம்பும் சிறு அளவும்

பூச்சிக்கொல்லிச் சீசாவின் மேல் சாய்சதுரம் ஒன்று இருக்கும். அதில் பாதி வண்ணம் பூசியிருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான நஞ்சு. மண்டை ஓட்டுப் படமும் இருக்கும். அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. சோதனை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்து, அவற்றில் பாதி சாவதற்கு எடைக் கணக்கில் எவ்வளவு நஞ்சு வேண்டியிருக்கிறது என்பதை வைத்து இந்த நிறத்தைத் தருகிறார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 50 மில்லிகிராமோ அதற்குக் குறைவோ போதும் என்றால் சிவப்பு. 51 முதல் 500 வரை மஞ்சள்.

இதை நம் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டுப் பாருங்கள். எலிக் கணக்கு மனிதனுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் ஒரு மதிப்புக்கு உதவும். ஒன்றரை வயதுக் குழந்தை ஏறத்தாழ 10 கிலோ இருக்கும். சிவப்பு வகையின் மேல் எல்லையையே எடுத்துக்கொண்டாலும் 500 மில்லிகிராம், அதாவது அரை கிராம். 36 சதம் வீரியமுள்ள திரவ மருந்தில் அரை கிராம் நஞ்சு ஒன்றரை மில்லிக்குள் அடங்கிவிடும். தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சீசாவின் மூடியில் ஒட்டியிருப்பதை நக்கினாலே ஆபத்து என்று நாங்கள் சொல்வது மிரட்டுவதற்காக அல்ல.

பச்சை முக்கோணமாயிற்றே, பயமில்லை என்றும் இருந்துவிடக் கூடாது. அந்த நிறம் வளர்ந்த ஆள் கவனமாகக் கையாளுவதை மனதில் வைத்துப் போட்டது. கரைப்பானாகச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருள் குழந்தையின் நுரையீரலுக்குள் போனால் அது தனித் தொல்லை.

மிச்சம் என்ற தொல்லை

குழந்தைகள் கையில் அகப்படுவது பெரும்பாலும் புதுச் சீசா அல்ல. புதுச் சீசாவின் மூடி இறுக்கமாக இருக்கும், மேலே சீலும் இருக்கும். அகப்படுவது மிச்சம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். இளம் மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் கலக்கச் சொல்கிறோம். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் என்றால் 80 கிராம். நீங்கள் வாங்குவது 100 கிராம் பொட்டலம். மிச்சம் 20 கிராம். பணம் கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனம் வராது. வாயை மடித்து, ரப்பர் வளையம் போட்டு, கூரையின் இறவாணத்தில் செருகி வைப்பீர்கள். அடுத்த மழையில் எலி அதைக் கீழே தள்ளும். வெள்ளையாகச் சர்க்கரைக் குருணை போல இருக்கும் அதைத் தரையில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளை எடுக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பக்கத்து வயல்காரரோடு பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் தெளியுங்கள். ஒன்றேகால் ஏக்கருக்கு ஒரு பொட்டலம் என்று கணக்குப் பார்த்து வாங்கி, பிரித்ததை அன்றே தீர்த்துவிடலாம். தள்ளுபடி தருகிறார்கள் என்று அடுத்த போகத்துக்கும் சேர்த்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. தள்ளுபடியில் மிஞ்சும் காசு சிறிது. வீட்டுக்குள் ஆறு மாதம் விஷத்தோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும்.

தெளிக்காமலே தீரும் பூச்சியும் உண்டு. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு எதிராக ஒட்டுண்ணிக் குளவியை 2022 மார்ச்சில் நம் மலைக்கு மேற்கே உள்ள ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். குளவி வேலை செய்யும் தோட்டத்தில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். அந்தச் செலவை விட்டுவிட்டால் பரணில் ஒரு சீசா குறையும். ஒட்டுண்ணியின் பெருமையைச் சொல்லும்போது இந்த இலாபத்தை நாங்கள் சேர்த்துச் சொல்வதில்லை, சொல்ல வேண்டும்.

மிச்சத்தில் இன்னொன்று, விதை. மருந்து பூசிய மக்காச்சோள விதை சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது அதை உண்ணக் கூடாது என்று காட்டத்தான். அந்த நிறமே குழந்தையை இழுக்கிறது. விதைத்து மிஞ்சியதை வறுத்துக் கொடுப்பதும் கோழிக்குப் போடுவதும் வேண்டாம். கழுவினால் நிறம் போகலாம். நஞ்சு முழுவதும் போகாது.

கலம் மாறினால்

இனிச் சொல்லப்போவது கேட்கச் சங்கடமான விஷயம். 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற சிற்றூரின் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட குழந்தைகளில் 23 பேர் இறந்துபோனார்கள். உணவில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது சோதனையில் தெரிந்தது. பூச்சிக்கொல்லி இருந்த கலத்தில் சமையல் எண்ணெயை வைத்திருந்ததாக விசாரணையில் வெளிவந்தது. எண்ணெய் சரியாக இல்லை என்று சமைத்த அம்மாள் முன்பே சொன்னதாகச் செய்திகள் கூறின. சமைத்தவரும் நோயுற்றார். யாரும் வேண்டுமென்று விஷம் வைக்கவில்லை. ஒரு கலம் தன் வேலையை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

இது புதுக் கதையும் அல்ல. 1958-ல் கேரளத்தில் கப்பலில் வந்த உணவுப் பொருளோடு பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லி கசிந்து கலந்ததில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழைய உழவர்கள் பாலிடால் என்று சொல்வார்களே, அந்த மருந்து. அந்தத் துயரத்தை ஒட்டித்தான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ல் அதன் விதிகளும் வந்தன. மற்றப் பொருள்களோடு சேராமல் தனி அறையிலோ, தனி அலமாரியில் பூட்டியோ வைக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. கடைக்காரரைச் சோதிக்க அதிகாரி வருவார். உங்கள் வீட்டுப் பரணைச் சோதிக்க எவரும் வருவதில்லை.

கண்ணாலும் மூக்காலும் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போனதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கூட்டத்தில் உறவினரை இழந்தவர்கள் இருக்கலாம். தண்ணீர் போலத் தெளிந்திருக்கும் திரவத்தில் என்ன இருக்கிறது என்று நாற்பது வயது ஆளின் நாக்குக்கே தெரியவில்லை. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மூக்கு எப்படி உதவும்?

எனவே விஷத்தை அதன் சொந்தச் சீசாவை விட்டு வேறு எதிலும் ஊற்றக் கூடாது. கூட்டாளிக்குப் பாதி பிரித்துக் கொடுக்கத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றுவது நம் பக்கத்தில் சாதாரணமாக நடக்கிறது. குளிர்பானப் பாட்டிலில் களைக்கொல்லியை ஊற்றி வரப்பில் வைக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்து கிடையாது; ஒரு குழந்தைக்கு ஒரு வாய் போதும். சட்டப்படி ஒட்டிய சீட்டு சீசாவில்தான் இருக்கிறது. டாக்டருக்கு வேண்டியதும் அந்தச் சீட்டுத்தான். வேறு பாட்டிலுக்கு மாற்றும்போது அதை இழந்துவிடுகிறீர்கள்.

காலிச் சீசாவையும் விட்டுவைக்கக் கூடாது. மூன்று முறை தண்ணீர் விட்டுக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பான் தொட்டியிலேயே ஊற்றுங்கள். மருந்தும் வீணாகாது. பிறகு அடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். ஓட்டைச் சீசாவில் யாரும் எண்ணெய் வாங்கப் போவதில்லை.

பெட்டியும் பூட்டும்

குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம் என்று பலர் சொல்வார்கள். எட்டாத உயரம் என்று ஒன்று மூன்று வயதுக்கு மேல் கிடையாது. நெல் மூட்டை இருக்கிறது, உரல் இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. ஏறத் தெரிந்த பிள்ளைக்கு உயரம் ஒரு விளையாட்டு. உயரத்தோடு பூட்டும் வேண்டும்.

பழைய டிரங்குப் பெட்டி போதும். மோட்டார் கொட்டகை உள்ளவர்கள் அதைச் சுவரில் உயரமாகப் பொருத்திப் பூட்டி வைக்கலாம். மலையில் மானாவாரியாகச் சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்களுக்குக் கொட்டகை இருக்காது. வீட்டின் வெளிச்சுவரில், வெயிலும் மழையும் படாத பக்கத்தில், பலகைப் பெட்டி அடித்துக்கொள்ளுங்கள். உள்ளே தூள் மருந்து மேலே, திரவம் கீழே. கசிந்தாலும் தூளில் விழாது. தானியம், தீவனம், தெளிப்பான், குடிதண்ணீர் எதுவும் அருகில் இருக்க வேண்டாம். சாவி பெரியவர் ஒருவரின் இடுப்பில் இருக்கட்டும். பெட்டிக்கு மேல் ஆணியில் தொங்கும் சாவியைக் கண்டுபிடிக்கப் பிள்ளைக்கு இரண்டு நாள் போதும்.

எலி மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை வடையிலும் தேங்காய்ச் சில்லிலும் வாழைப்பழத்திலும் வைக்கிறோம். எலிக்குப் பிடித்தது பிள்ளைக்கும் பிடிக்கும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை கல்லீரலைக் கெடுக்கும். முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு மறுநாள் குழந்தை தெளிவாக இருப்பது போலத் தோன்றும். அதற்குப் பிறகுதான் மஞ்சள் காமாலையும் மயக்கமும் வரும். இந்த 3 சதப் பசையைத் தமிழக அரசு தடை செய்திருக்கிறது. யார் வீட்டிலாவது பழைய குழாய் கிடந்தால் அதை இன்னொரு முறை உபயோகிக்க வேண்டாம். எலிக்கு இடுக்கியும் பொறியும் இருக்கின்றன. பொறியில் விரல்தான் நசுங்கும்.

இதே வரிசையில் உண்ணி மருந்து. ஆட்டுக்கு வாங்கியதைப் பெண் பிள்ளையின் தலையில் பேனுக்குத் தேய்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. தலைத்தோல் வழியாகவும் நஞ்சு உடம்புக்குள் போகும், குழந்தைக்கு இன்னும் வேகமாகப் போகும். பேனுக்குச் சீப்பும் பொறுமையும் போதும். போதாவிட்டால் சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

தெளித்துவிட்டு வரும் தகப்பன்மார்களே, பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். குளித்து உடை மாற்றும் வரை தூக்காதீர்கள். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்கவும் வேண்டாம்.

உண்மையான மருந்தும் அளவு தப்பினால்

இதுவரை வயல் மருந்து. இனி ஆஸ்பத்திரி மருந்து. இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்; ஆனால் இதற்கும் பூட்டு வேண்டும்.

கருவுற்ற தாய்க்கு 180 நாட்களுக்குத் தினம் ஒன்றாக இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். சிவப்பாக, சர்க்கரைப் பூச்சோடு இருக்கும். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. தாய்க்கு அது உயிர் காக்கும் மருந்து. விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் தாயின் வீட்டில் முதல் பிள்ளைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுதான் இருக்கும். பத்துக் கிலோ குழந்தை பத்து மாத்திரையை விழுங்கினால் 600 மில்லிகிராம், கிலோவுக்கு 60. அது உயிருக்கே ஆபத்தான அளவு. இதிலும் முதலில் வாந்தி, பிறகு சில மணி நேரம் அமைதி, அதன்பின் மோசமாகும். அமைதியைக் கண்டு குணமாகிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

பாட்டியின் சுருக்குப் பையையும் பாருங்கள். 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது முதல் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல காரியம். அந்த மாத்திரைகள் வெற்றிலை பாக்கோடு ஒரே பையில் இருக்கின்றன. பேரன் பாக்குக்காகக் கையை விடுவான். சர்க்கரை மாத்திரைகளில் சில வகை ஒன்றிரண்டே சின்னப் பிள்ளையின் இரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கி மயக்கத்தில் தள்ளும். பாட்டிக்குப் பை ஒன்று, மாத்திரைக்கு டப்பா ஒன்று என்று இருக்கட்டும். கற்பூரமும் இப்படித்தான், ஒன்றிரண்டு வில்லை வலிப்பைக் கொண்டுவந்துவிடும்.

இனி அளவு. இதை உங்களுக்கு விளக்குவது எளிது, ஏனென்றால் மருந்தின் வீரியம் என்றால் என்னவென்று உழவர்களுக்குத் தெரியும். 18.5 சத மருந்தும் 5 சத மருந்தும் ஒரே மில்லி ஊற்றக் கூடாது என்பது உங்களுக்குப் பாடம். குழந்தைக் காய்ச்சல் மருந்தான பாரசிட்டமாலும் அப்படியே. ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 வரை. 125 என்று வைத்துக்கொள்வோம். கடையில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப் கிடைக்கும். அதில் 5 மில்லி. 5 மில்லிக்கு 250 உள்ளதும் கிடைக்கும். அதில் இரண்டரை மில்லி. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100. அதில் ஒன்றேகால் மில்லிதான். மூன்று சீசாவிலும் அதே 125. சொட்டு மருந்தைச் சிரப் என்று எண்ணி 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம், நான்கு மடங்கு. பெரியவர்களின் 650 மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தால் 325, இரண்டு மடங்குக்கும் மேல். இரவில் காய்ச்சல் இறங்கவில்லை என்று அம்மா ஒரு முறையும், தெரியாமல் பாட்டி ஒரு முறையும் கொடுத்துவிடுவதும் உண்டு. குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கொடுத்த நேரத்தைக் காலண்டரில் எழுதிவிடுங்கள். கறவை மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியை எழுதி வைக்கிற நாம் இதையும் எழுதலாம்.

அளக்கும் கரண்டி வீட்டுக்கு வீடு வேறுபடும். சீசாவோடு வரும் அளவு மூடியையோ, ஊசி இல்லாத சிரிஞ்சையோ மட்டும் உபயோகியுங்கள். பிள்ளையின் எடை தெரியாவிட்டால் அங்கன்வாடியில் பார்த்துச் சொல்வார்கள். எடையைச் சொல்லி, "இந்தச் சீசாவில் எத்தனை மில்லி?" என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டு, அந்த எண்ணைச் சீசாவின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இருமல் மருந்து பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரானது. தமிழக அரசின் சோதனையில் அதில் 48.6 சதம் டைஎதிலின் கிளைக்கால் இருந்தது. இருக்கலாம் என்று விட்டுக்கொடுக்கும் எல்லை 0.1 சதம். ஆலைகளில் கரைப்பானாக உபயோகிக்கும் திரவம் அது. இனிப்பாக வேறு இருக்கும். 1972-லும் சென்னையில் இதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்தும் அதே கதை என்பதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இதைக் கண்டுபிடிப்பது தாய் தந்தையின் வேலை இல்லை, அரசாங்கத்தின் வேலை. நம் கையில் இருப்பது ஒன்று: இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு இருமல் சிரப் கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரை பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசின் சுகாதாரத் துறை சொல்லியிருக்கிறது. கடையில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம். எந்த மருந்து குடித்த பிள்ளையும் சிறுநீர் கழிப்பது குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

தவறி உட்கொண்டால்

உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, சாணிக் கரைசல் எதையும் ஊற்றாதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயோ எண்ணெய் கலந்த பூச்சிக்கொல்லியோ குடித்த பிள்ளையை வாந்தி எடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும். வயிற்றில் இருந்ததைவிட அங்கே கேடு அதிகம். வாயில் எஞ்சியிருப்பதைத் துணியால் துடைத்து எடுங்கள். நனைந்த உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டு உடம்பைக் கழுவுங்கள். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் உறையோ மாட்டிக்கொள்ளட்டும். மயக்கமாக இருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கி, எச்சிலும் வியர்வையும் ஒழுகி, மூச்சு இரைத்தால் பூச்சிக்கொல்லி என்று சந்தேகிக்க வேண்டும். காற்று பட்டுவிட்டது என்று மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தை இழக்காதீர்கள். பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிக்கு அட்ரோபின் என்ற மாற்று மருந்து இருக்கிறது. நேரத்தில் போட்டால் பிள்ளை பிழைக்கும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் சிகிச்சை பெற்றுக்கொண்டு சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரலாம்.

போகும்போது சீசாவையும் எடுத்துப் போங்கள். சீட்டுக் கிழிந்திருந்தாலும், பொட்டலம் காலியாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மூன்றையும் சொல்லுங்கள். மாமியார் திட்டுவார், போலீசு வரும் என்று பயந்து எலி மருந்தைப் பழம் என்று மாற்றிச் சொன்னால் டாக்டர் தவறான வைத்தியம் செய்ய நேரும். பிள்ளை எதையும் விழுங்கவில்லை, கையில்தான் வைத்திருந்தது என்று தோன்றினாலும் காட்டிவிடுவது நல்லது.

108-க்குப் போன் செய்தால் வண்டி வரும். மலையில் கைப்பேசிக்குச் சிக்னல் எட்டாத சிற்றூர்கள் இருக்கின்றன. அங்கே எந்த மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கிறது, ஊரில் யாரிடம் ஜீப்பும் வண்டியும் இருக்கிறது, இரவில் கரியாலூர் வழியாக இறங்க யார் ஓட்டி வருவார் என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயர்களைப் பெட்டியின் மூடியில் சுண்ணாம்பால் எழுதி வைக்கலாம்.

தேநீர் வந்துவிட்டது. வீட்டில் சீட்டில்லாத சீசா வைத்திருப்பவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று முகர்ந்து பார்க்காமல் பிறகு என்னிடம் கேளுங்கள்.